வெளிநாட்டுக்கு நியூஸ் போட்டோகிராபரா போகணும்னு இருக்கேன், வீட்ல அழுகுறாங்க. போயிட்டு வந்தவங்க யாராச்சும் சொல்லுங்க

வில்லாபுரம்_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 26, ஊரு வில்லாபுரம். அஞ்சு வருசமா கல்யாணம், காதுகுத்து, சடங்குன்னு கேண்டிட் போட்டோ எடுத்துட்டு இருக்கேன், வருமானத்துக்குக் குறை இல்ல. இந்தப் பொங்கலுக்கு வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் நியூஸ் ஏஜென்சிக்காக ஜல்லிக்கட்டு எடுக்க வந்தாரு, தெரிஞ்ச லாட்ஜ்காரர் மூலமா அவர் கூட போனேன். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர்னு மூணு நாளும் அவரு பையைத் தூக்கிட்டு கூடவே நின்னேன். நாங்க எல்லாரும் வாடிவாசலையே பாத்துட்டு இருக்கோம், அந்த ஆளு மாடு பிடிக்கிற பக்கமே ரொம்ப நேரம் நிக்கல, பின்னாடி மாட்டை வரிசையில வச்சுட்டு விடிய விடிய உக்காந்திருந்த பொம்பளைங்க பக்கத்துல போய் உக்காந்துட்டாரு. அந்தப் படத்தை அப்புறம் பாத்தேன். நான் 5 வருசத்துல எடுத்த எதுவும் அது மாதிரி இல்ல.

அடுத்த மாசம் அவரு வேற நாட்டுல இருக்காரு. அன்னைல இருந்து எனக்கு தூக்கம் வரல. கையில மூணரை லட்சம் இருக்கு, ரெண்டு கேமரா பாடி, 24-70, 70-200 லென்ஸ் இருக்கு, பாஸ்போர்ட் ரேஸ்கோர்ஸ் ஆபீஸ்ல போய் எடுத்துட்டேன். அப்பா சைக்கிள் கடை, அவரு ஒண்ணும் சொல்லல. அம்மா தான் "வெளிநாட்டுல வேலைன்னா துபாய்க்குப் போ, சண்டை நடக்குற எடத்துக்கு எதுக்குடா போகணும்"னு அழுகுது. வருமானம் எப்படி, விசா எப்படி, உண்மையிலேயே உயிருக்கு ஆபத்தா, எப்படி உள்ள நுழையுறது, தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணே.

மாட்டுத்தாவணி_குமார்:

தம்பி அம்மா சொல்றதைக் கேளு. ஒரு முகூர்த்தத்துக்கு நீ வாங்குற காசை அங்க ஒரு வாரம் அலைஞ்சாலும் தர மாட்டாய்ங்க. என் கூடப் படிச்சவன் டெல்லிக்குப் போய் நாலு வருசம் கஷ்டப்பட்டு இப்ப ஆல்பம் பிரிண்ட் போடுறான்.

திருநகர்_ராசு:

தம்பி, நான் 2009ல இருந்து பதிமூணு வருசம் இந்த வேலை பாத்தேன். நேபாளம், பங்களாதேஷ், இலங்கை, கிழக்கு ஆப்பிரிக்காவுல ரெண்டு நாடு. இப்ப முதுகு போயிருச்சு, திருநகர்ல இருக்கேன். உன்னைப் போகவிடக் கூடாதுன்னு எழுதல, போன்னு தள்ளவும் எழுதல, ஒரு நாள் எப்படிப் போகும்னு சொல்றேன், அதுல இருந்து நீயே பாரு.

வெள்ளன நாலு மணிக்கு எந்திரிக்கணும், வெளிச்சம் வர்றதுக்குள்ள எடத்துல இருக்கணும். அப்புறம் காத்திருக்கணும், அது தான் வேலையில முக்காவாசி. ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல, ஒரு பார்டர் கேட்ல, மினிஸ்டர் வர்றாருன்னு சொன்ன மைதானத்துல மணிக்கணக்கா நிக்கணும். சாப்பாடு வாழைப்பழமும் பிரெட்டும் தான், தண்ணி எங்க கிடைக்கும் எங்க கக்கூஸ் போகலாம்னு யோசிச்சுட்டே இருப்ப. படம் எடுக்கிற நேரம் மொத்தமா சேத்தா இருபது நிமிசம் வரும். அப்புறம் கார்டை லேப்டாப்ல இறக்கி போட்டோ மெக்கானிக்னு படம் பிரிக்கிற சாஃப்ட்வேர்ல ஓட்டி, ஆயிரம் படத்துல பத்து எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் கேப்ஷன் எழுதணும், யாரு, என்ன, எங்க, எப்ப. ஊர் பேர் ஸ்பெல்லிங் தப்பா இருந்தா படத்தைச் சரி பாக்குற ஏஜென்சி டெஸ்க்ல இருந்து போன் வரும். நெட் இருக்கிற மொட்டை மாடியைத் தேடிப் போய் எஃப்டிபின்னு ஃபைல் அனுப்புற வழியில அனுப்பி, அது 40 சதவீதத்துல நின்னு, திரும்ப அனுப்பி, பேட்டரி எல்லாத்தையும் சார்ஜ்ல போட்டு, ஜட்டி பனியனைத் துவைச்சுப் போட்டுப் படுக்கும்போது மணி பன்னெண்டு. மறுநாள் நாலு மணிக்கு அலாரம்.

இது தான் அந்த வாழ்க்கை. பேப்பர்ல வர்ற படத்துல இந்த வியர்வை எதுவும் தெரியாது.

விசா விசயம். டூரிஸ்ட் விசாவுல போய் நியூஸ் எடுத்து மாட்டுனா திருப்பி அனுப்புவாய்ங்க, சில நாட்டுல மறுபடி உள்ளயே விட மாட்டாய்ங்க. பங்களாதேஷுக்கு ஜர்னலிஸ்ட் விசா தனி. இலங்கையில அரசாங்க தகவல் திணைக்களத்துல பதிஞ்சு அட்டை வாங்கணும். நேபாளத்துக்கு நமக்கு விசாவே வேணாம், அதனால தான் நம்மாளுங்க நெறைய பேரு அங்க இருந்து ஆரம்பிக்கிறோம். லித்தியம் பேட்டரி எல்லாம் கைப்பையில தான், லக்கேஜ்ல போடாத, 100 வாட் ஹவர் வரைக்கும் கேள்வி இல்ல, அதுக்கு மேல 160 வரைக்கும் ஏர்லைன்ஸ் அனுமதி வேணும். கிளம்பும்போது ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல கேமராவோட சீரியல் நம்பரைக் காட்டி எக்ஸ்போர்ட் சர்ட்டிஃபிகேட் வாங்கிக்க, இல்லாட்டி திரும்பி வரும்போது உன் கேமராவுக்கே டியூட்டி கேப்பாய்ங்க. பெரிய செட்டா கொண்டு போனா ஏடிஏ கார்னெட்னு ஒண்ணு இருக்கு, டியூட்டி இல்லாம சாமானைக் கொண்டு போய்த் திரும்பக் கொண்டு வர்றதுக்கான பேப்பர், இங்க ஃபிக்கிங்கிற வர்த்தக சபை குடுக்குறாங்க. ஆப்பிரிக்கா பக்கம்னா மஞ்சள் காய்ச்சல் ஊசி, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடலாம், ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும், ஆனா போட்டு பத்து நாள் கழிச்சுத் தான் அந்த அட்டை செல்லுபடி ஆகும். கடைசி நிமிசத்துல ஓடாத.

மாட்டுத்தாவணி_குமார்:

காசு பத்தி ஒண்ணும் சொல்லலையே அண்ணே.

திருநகர்_ராசு:

சொல்றேன். ஒரு ஆபீஸ் உன்னைக் கூப்பிட்டு அனுப்புனா அது அசைன்மென்ட், ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு பேசி செலவும் தருவாங்க. நீயா கிளம்பிப் போய் எடுத்து விக்கப் பாத்தா எல்லாம் உன் கைக்காசு, வித்தா உண்டு. முதல் மூணு வருசம் நான் ரெண்டாவது வகை. மே மாசம் எடுத்த படத்துக்கு தீபாவளிக்கு காசு வந்திருக்கு. ஒரு ஏஜென்சி கடைசி வரைக்கும் தரவே இல்ல, பதினாறு மெயில் போட்டேன்.

ஒப்பந்தத்தைப் படிக்காம கையெழுத்துப் போடாத. நம்ம காப்பிரைட் சட்டம் 1957ல 17வது பிரிவு இருக்கு, ஒருத்தர் காசு குடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாட்டி காசு குடுத்தவர் தான் முதல் உரிமையாளர். கல்யாண ஆல்பத்துக்கு இது பெரிசாத் தெரியாது. ஆனா பத்து வருசம் கழிச்சு உன் படம் ஒரு புஸ்தக அட்டையில வரும், உனக்கு ஒரு ரூவா வராது. "உரிமை எனக்கு, உங்களுக்கு இத்தனை மாசத்துக்கு லைசென்ஸ்"னு எழுதி வாங்கு. அமெரிக்கக் கம்பெனின்னா டபிள்யூ-8பென்னு ஒரு வரி ஃபார்ம் கேப்பாங்க. ஜிஎஸ்டி, பேங்க்ல டாலர் வந்த அத்தாட்சி இதுக்கெல்லாம் ஒரு நல்ல ஆடிட்டரைப் பிடிச்சுக்க.

கல்யாண வேலையை விடாத. நான் வைகாசி ஆவணி முகூர்த்தக் காசுல தான் காத்மாண்டு டிக்கெட் எடுத்தேன்.

கீழவாசல்_ஸ்டிரிங்கர்:

நான் இதுல கொஞ்சம் மாறுபடுறேன். எதுக்கு வெளிநாடு? நான் பதினெட்டு வருசமா மதுரையில ஸ்டிரிங்கர், அதான் மாசச் சம்பளம் இல்லாம வேலைக்கு வேலை காசு வாங்குற உள்ளூர் ஆளு. சித்திரைத் திருவிழாவுக்கு, ஜல்லிக்கட்டுக்கு வர்ற வெளிநாட்டு போட்டோகிராபருக்கு எந்த மாடியில இருந்து அழகர் தெரிவாரு, எந்த மாட்டுக்காரரு பேசுவாரு, எங்க ரெண்டு மணிக்கே போய் எடம் பிடிக்கணும் எல்லாம் சொன்னது நான். 2017ல ஜல்லிக்கட்டுக்காக தமுக்கத்துல புள்ளைங்க உக்காந்தப்ப ராத்திரி பூரா கூட நின்னவன். படத்துக்குக் கீழ அவரு பேரு மட்டும் இருக்கும். என் கைல அன்னைக்குக் கூலி, ஒரு கைகுலுக்கல், அம்புட்டு தான். அந்தத் தம்பி வெளிநாட்டுக்குப் போனா அங்க இருக்கிற என்னைய மாதிரி ஒருத்தனோட வேலையைத் தான் எடுக்கப் போறான்.

வியட்நாம் படம் எல்லாருக்கும் தெரியும், 1972 ஜூன் 8, டிராங் பாங், நாபாம் குண்டுல எரிஞ்சு ஓடி வர்ற சின்னப் பொண்ணு. அம்பது வருசமா ஏபி நியூஸ் ஏஜென்சி போட்டோகிராபர் நிக் உட் எடுத்ததுன்னு தான் படிச்சோம். இப்ப அதை எடுத்தது காசு வாங்கிட்டுப் படத்தைக் குடுத்துட்டுப் போன ஒரு உள்ளூர் ஸ்டிரிங்கர்னு ஒரு டாகுமெண்டரில கேள்வி வந்து, 2025ல வேர்ல்ட் பிரஸ் போட்டோங்கிற பரிசு குடுக்கிற அமைப்பு அந்தப் படத்துக்குப் பேர் போடுறதையே நிறுத்தி வச்சிருக்காங்க. ஏபி விசாரிச்சு, மாத்துறதுக்குப் போதுமான ஆதாரம் இல்லன்னு நிக் உட் பேரையே வச்சிருக்கு. எது உண்மைன்னு நான் தீர்ப்பு சொல்ல வரல. ஆனா அப்படி ஒரு கேள்வி வர்ற அளவுக்கு எங்க ஆளுங்க பேரு எங்கயும் எழுதப்படலைங்கிறது தான் எனக்கு வலிக்குது.

திருநகர்_ராசு:

கீழவாசல் அண்ணே, நீங்க சொன்னது முழுக்க சரி, நானும் அதைச் செஞ்சவன். இதைப் பொதுவுல எழுதுனது இல்ல, இப்ப எழுதுறேன்.

2015 ஏப்ரல் 25, நேபாளத்துல 7.8 நிலநடுக்கம். கோரக்பூர் வரைக்கும் ரயில், அங்க இருந்து சுனௌலி பார்டர், நிவாரண லாரியில ஏறி காத்மாண்டு. அங்க இருந்து சிந்துபால்சோக் மாவட்டம், செத்தவங்க அங்க தான் அதிகம். என் கூட வந்த ஃபிக்சர், அதான் வழி காட்டி மொழிபெயர்த்து உதவுற உள்ளூர் ஆளு, 23 வயசுப் பையன், அவன் வீடும் இடிஞ்சு தான் இருந்துச்சு, அம்மாவை தார்ப்பாய்க்குக் கீழ விட்டுட்டு என் கூட வந்தான். ஒரு ஊர்ல வயசான அம்மா ஒருத்தர் இடிஞ்ச கல்லுக்கு நடுவுல இருந்து பித்தளைப் பாத்திரமா எடுத்து வரிசையா வைக்கிறாங்க. எடுக்கிறாங்க, முந்தானையால தொடைக்கிறாங்க, வைக்கிறாங்க, எண்ணுறாங்க. நாப்பது ஃபிரேம் எடுத்தேன். வெளிச்சம் அப்படி இருந்துச்சு. அடுத்த வீட்டுக்கு நடந்துட்டேன்.

ராத்திரி கேப்ஷன் எழுத உக்காந்தா அவங்க பேரு நோட்டுல இல்ல. "ஒரு மூதாட்டி"ன்னு அடிக்கப் போனேன். அந்தப் பையன் ஒண்ணும் சொல்லாம உள்ளங்கையை விரிச்சுக் காட்டுனான், நான் நகந்த அப்புறம் அவங்க கிட்ட உக்காந்து பேசி பேரு, வயசு, இறந்து போன மருமக பேரு, பேரன் பேரு எல்லாத்தையும் பால்பாயின்ட் பேனாவுல கையில எழுதி வச்சிருந்தான். வியர்வையில பாதி அழிஞ்சிருந்துச்சு, பேரன் பேரோட கடைசி எழுத்து மட்டும் தெரியல. அந்தப் படம் நல்லாப் போச்சு. கேப்ஷன்ல இருந்த ஒவ்வொரு பேரும் அவன் கையில இருந்து வந்தது, கிரெடிட்ல என் பேரு மட்டும். மெயில்ல அவன் பேரைச் சேக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லல. தோணவே இல்லைங்கிறது தான் அசிங்கம்.

ஒரு வருசம் கழிச்சு பிரிண்ட் போட்டு எடுத்துட்டு அவனையும் கூட்டிட்டு அந்த ஊருக்குத் திரும்பப் போனேன். பேரு இருந்ததால தேட முடிஞ்சுது, ஊர்க்காரங்க நேரா தகர வீட்டு வாசல்ல கொண்டு போய் விட்டாங்க. அந்த அம்மா படத்தை ரொம்ப நேரம் பாத்துட்டு அந்தப் பாத்திரங்களுக்குப் பின்னாடி சுவத்துல சாத்தி வச்சாங்க. பேரன் பேரோட கடைசி எழுத்தை அன்னைக்குத் தான் கேட்டு எழுதுனேன். அதுக்கப்புறம் எடுத்த எல்லா வேலையிலயும் கூட வந்தவங்க பேரையும் சேத்துப் போடச் சொல்லி டெஸ்க் கூட சண்டை போட்டிருக்கேன், பாதி தடவை தான் ஜெயிச்சேன்.

வில்லாபுரம் தம்பி, நீ போறதா இருந்தா இதை மட்டும் மனசுல வை. பேர் தெரியாம ஒரு முகத்தையும் அனுப்பாத. பேரைச் சொன்னா அவங்க உயிருக்கு ஆபத்துன்னா போட வேண்டாம், அது வேற, ஆனா உன் நோட்டுல இருக்கணும்.

நாகமலை_டீச்சர்:

ராசு சார், ஒரு சந்தேகம், குத்தம் சொல்றதா நெனைக்காதீங்க. என் வகுப்புப் பிள்ளைங்க கேக்குற கேள்வி. சூடான்ல கழுகு பக்கத்துல குழந்தை இருக்கிற படத்தை எடுத்தவரு அந்தப் பிள்ளையைத் தூக்காம எப்படிப் படம் எடுத்தாரு? பரிசு வாங்கி அவரும் தற்கொலை பண்ணிக்கிட்டாருன்னு சொல்றாங்களே.

திருநகர்_ராசு:

டீச்சர், நியாயமான கேள்வி. கெவின் கார்ட்டர், 1993 மார்ச்சுல நியூயார்க் டைம்ஸ்ல வந்துச்சு, 1994ல புலிட்சர்னு அமெரிக்காவோட பெரிய பத்திரிகைப் பரிசு, அதே வருசம் ஜூலையில இறந்துட்டாரு. அந்த ஒரு படத்தால மட்டும் செத்தாருன்னு சொல்றது சரியில்ல, கூட வேலை பாத்த நண்பர் துப்பாக்கிச் சூட்டுல செத்தது, காசு இல்லாதது, போதைப் பழக்கம்னு நெறைய இருந்துச்சு.

ஆனா எனக்கு அதுல வேற ஒண்ணு உறுத்தும். படம் வந்ததும் அந்தக் குழந்தை என்ன ஆச்சுன்னு அத்தனை பேரு கேட்டு, பத்திரிகை தனியா ஒரு குறிப்பு போட வேண்டியதாச்சு, அவங்களுக்கும் முழு பதில் தெரியல. உலகம் பூரா பெண் குழந்தைன்னே எழுதுச்சு. 2011ல ஸ்பெயின் பத்திரிகைக்காரங்க அந்த ஊருக்கே போய் விசாரிச்சப்ப தான் அது பையன்னு தெரிஞ்சுது, பேரு காங் நியாங், அன்னைக்குப் பிழைச்சு வளந்து, அப்புறம் காய்ச்சல்ல செத்துட்டதா அவங்க அப்பா சொன்னாரு. அந்தப் படத்துலயே பிள்ளை கையில உணவு முகாமோட பட்டை இருக்கு. பதினெட்டு வருசம் பேரு இல்லாம இருந்துச்சு அந்தப் பிள்ளை.

தூக்கணுமா எடுக்கணுமான்னா, உதவி செய்ய நான் மட்டும் தான் இருக்கேன்னா கேமராவைக் கீழ வைப்பேன், வச்சிருக்கேன். டாக்டரும் நர்ஸும் வேலை பாத்துட்டு இருக்கிற எடத்துல நான் போய் நின்னா தொந்தரவு, அங்க என் வேலை படம் எடுக்கிறது.

ஒத்தக்கடை_அக்கா:

தம்பி, நான் போட்டோகிராபர் இல்ல, போட்டோகிராபர் பொண்டாட்டி. அவரு ஒரு நியூஸ் ஏஜென்சில பதினோரு வருசமா இருக்காரு. வீட்ல இருக்கிறவங்க பக்கத்தையும் யாராச்சும் சொல்லணும்ல.

எங்க பீரோவுல என் கல்யாணப் பட்டுக்கு அடியில ஒரு பழுப்புக் கவர் இருக்கு. ஒவ்வொரு தடவை கிளம்புறதுக்கு முன்னாடி அதை எடுத்து ரெண்டு பேரும் உக்காந்து சரி பாப்போம். பாஸ்போர்ட் நகல், ரத்த குரூப், இன்சூரன்ஸ் பேப்பர், ஆபீஸ்ல யாருக்குப் போன் போடணும்னு மூணு நம்பர், அப்புறம் ஒரு துண்டுச் சீட்டுல மூணு கேள்வி. யாராச்சும் கடத்திட்டுப் போனா அவரு உயிரோட தான் இருக்காருன்னு தெரிஞ்சுக்க, அவருக்கும் எனக்கும் மட்டுமே பதில் தெரிஞ்ச கேள்வி. பயிற்சியில எழுதி வைக்கச் சொல்லுவாங்களாம். முதல் கேள்வி எங்க கல்யாணத்தன்னைக்கு யாரு செருப்பு அறுந்துச்சுன்னு. அதை எழுதும்போது ரெண்டு பேரும் சிரிச்சோம், அவரு ஏர்போர்ட் போன அப்புறம் நான் அந்தச் சீட்டைக் கையில வச்சுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தேன்.

தினமும் ராத்திரி ஒரு புள்ளி அனுப்பணும், அது எங்க வீட்டுச் சட்டம். வார்த்தையே வேணாம், ஒரு புள்ளி. 2022 சித்திரைத் திருவிழா, கொரோனாவால ரெண்டு வருசம் இல்லாம அந்த வருசம் தான் அழகர் ஆத்துல இறங்குனாரு, நான் மகளைத் தோள்ல தூக்கிட்டு ஒரு சொந்தக்காரங்க மாடியில நிக்கிறேன். அவரு உக்ரைன்ல. அதுக்கு முந்தின ரெண்டு நாளா புள்ளி வரல. காலைல ஆறு மணிக்கு வீடியோ கால் வருது, அங்க மூணரை, ஏதோ ஒரு அடித்தளத்துல உக்காந்திருக்காரு, முகம் கூட சரியாத் தெரியல. "போனைத் தூக்கிப் பிடி, என்ன பட்டு கட்டி இறங்குறாரு"ன்னு தான் கேட்டாரு. நான் பதில் சொல்றதுக்குள்ள லைன் கட் ஆயிருச்சு. நான் அழுததை மக பாத்துட்டா.

அவரு வேலையை விடச் சொல்லி நான் ஒரு தடவை கூடக் கேட்டதில்ல. ஆனா ஒண்ணு கேட்டேன், பயிற்சி இல்லாம, இன்சூரன்ஸ் இல்லாம போகக் கூடாதுன்னு. நீயும் உங்க அம்மாவுக்கு அந்த வாக்கைக் குடு.

திருநகர்_ராசு:

அக்கா சொன்னதுக்கு மேல என்ன சொல்ல. தம்பி, அந்தப் பயிற்சிக்கு ஹெஃபாட்னு பேரு, சண்டை நடக்கிற எடத்துல எப்படி நடக்கணும், அடிபட்டா முதலுதவி எப்படின்னு சொல்லித் தருவாங்க. அது எதுக்குன்னு ரெண்டு பேரைச் சொல்றேன். டிம் ஹெதரிங்டன், 2011 ஏப்ரல் 20, லிபியா மிஸ்ராட்டா, தொடையில அடிபட்டு ரத்தம் போய் இறந்தாரு. சரியான நேரத்துல ரத்தத்தைக் கட்டுப்படுத்தி இருந்தா பிழைச்சிருப்பாரோன்னு நெனைச்ச அவரு நண்பர், அதுக்கப்புறம் ஃப்ரீலான்ஸர்களுக்கு முதலுதவி சொல்லிக் குடுக்க ரிஸ்க்னு ஒரு அமைப்பே ஆரம்பிச்சாரு. டூர்னிகெட், அதான் ரத்தம் நிக்க கை காலை இறுக்கிக் கட்டுற பட்டை, ஒண்ணு எப்பவும் கைக்கு எட்டுற பாக்கெட்ல இருக்கணும், பைக்கு அடியில இல்ல. கட்டுன நேரத்தை எழுதி வைக்கணும். ஒத்தைக் கையால உனக்கு நீயே கட்டிப் பழகு.

இன்னொருத்தரு நம்ம டேனிஷ் சித்திக்கி. ராய்ட்டர்ஸ் நியூஸ் ஏஜென்சி போட்டோகிராபர். ரோஹிங்கியா மக்கள் படங்களுக்காக 2018ல புலிட்சர் வாங்குன டீம்ல இருந்தவரு, 2021 ஜூலை 16 ஆப்கானிஸ்தான் ஸ்பின் போல்டக்ல கொல்லப்பட்டாரு. பெரிய ஆபீஸ், அனுபவம், எல்லாம் இருந்தும் போயிட்டாரு. நம்ம கொரோனா சுடுகாட்டுப் படங்களுக்கு 2022ல மறுபடி புலிட்சர் வந்தப்ப அவரு இல்ல. உங்க அம்மாட்ட ஆபத்து இல்லன்னு பொய் சொல்லாத.

ஃப்ரீலான்ஸர்னா ரோரி பெக் டிரஸ்ட், ஆர்எஸ்எஃப்னு பத்திரிகைக்காரங்களுக்கு உதவுற அமைப்பு ரெண்டு இருக்கு, ரெண்டையும் பாரு, பயிற்சிக்கு உதவித்தொகை, இன்சூரன்ஸ், குண்டு துளைக்காத வெஸ்ட், ஹெல்மெட் இரவல் இதுக்கெல்லாம் வழி இருக்கு. ஆனா முதல் வருசமே யுத்தத்துக்குப் போகணும்னு எந்தச் சட்டமும் இல்ல. உனக்கு இருக்கிற பெரிய சொத்து தமிழ். 2022ல ஜனாதிபதிக்கு எதிரா போராட்டம் நடந்தப்ப கொழும்பு காலிமுகத்திடல்ல உலகத்துல இருந்த போட்டோகிராபர் எல்லாம் நின்னாய்ங்க, ஜூலை 9 ஜனாதிபதி மாளிகைக்குள்ள ஜனம் புகுந்ததை எடுக்க ஆயிரம் கேமரா. நான் அது முடிஞ்சு கிளிநொச்சிக்குப் போனேன். காணாமப் போன பிள்ளைங்களோட அம்மாமார் 2017ல இருந்து போராடுறாங்க. ஒரு அம்மா மடியில லேமினேட் பண்ண மகன் படம், ஓரம் பூரா பிரிஞ்சு போச்சு. நான் கேமராவைத் தூக்குனதும் அவங்க அந்தப் படத்தை முகத்துக்கு முன்னாடி தூக்கிப் பிடிச்சுட்டு, "தம்பி என்ட முகம் வேண்டாம், பிள்ளையின்ட முகம் தெளிவா விழுகுதோ பாருங்கோ"ன்னாங்க. மொழிபெயர்க்க ஆள் வேணாம், நேரா எனக்குச் சொன்னாங்க. அன்னைக்கு நாலு மணி நேரம் பேசுனோம், படம் ஆறு தான் எடுத்தேன்.

கீழவாசல்_ஸ்டிரிங்கர்:

ராசு, அந்த நேபாளப் பையன் இப்ப என்ன பண்றான்?

திருநகர்_ராசு:

அவன் இப்ப அவனே போட்டோகிராபர் அண்ணே. சொந்தப் பேர்ல போகுது. போன தசராவுக்குப் பேசுனோம்.

வில்லாபுரம்_பையன்:

ஒரு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க. ராசு அண்ணன் எழுதுனதைப் படிச்சுட்டு நான் பொங்கலுக்கு எடுத்த ஜல்லிக்கட்டுப் படம் 412ஐயும் திறந்து பாத்தேன். ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியல. கையில குத்துப்பட்டு முதலுதவி டெண்ட்ல உக்காந்திருந்த ஒரு அண்ணன் படம் இருக்கு, என் இன்ஸ்டால அதிகம் லைக் வந்த படம் அது தான். பாலமேட்டுக்கு பஸ் ஏறிட்டேன். டீக்கடையில போனைக் காட்டிக் காட்டி மூணாவது நாள் ஆளைக் கண்டுபிடிச்சேன், அவரு பாலமேடே இல்ல, மேலூர்ப் பக்கம். அங்கயும் போனேன். கை இன்னும் முழுசா மடக்க முடியல, ரெண்டு மாசம் வேலைக்குப் போகலயாம். அவரு பேரு, ஊரு, குத்துன மாடு பேரு கூடச் சொன்னாரு. மாட்டு மேல அவருக்குக் கோவமே இல்ல, அது எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. படத்தைப் பாத்ததும் "இது எடுக்கும்போது நீ ஒரு வார்த்தை கேக்கலயேப்பா"ன்னாரு. சாப்பாடு போட்டு அனுப்புனாங்க.

இன்ஸ்டால இருந்து அந்தப் படத்தை எடுத்துட்டேன். அவரு சரின்னு சொன்ன அப்புறம் பேரோட கேப்ஷன் எழுதி ராசு அண்ணனுக்குத் தனிமடல்ல அனுப்பியிருக்கேன். கீழவாசல் அண்ணே, அடுத்த சித்திரைத் திருவிழாவுக்கு உங்க கூட வரலாமா? கூலி வேணாம், கத்துக்கணும். அம்மா இன்னும் பேசல.

கீழவாசல்_ஸ்டிரிங்கர்:

வா. ராத்திரி ரெண்டு மணிக்கு சிம்மக்கல்ல நிக்கணும். கூலி உண்டு.

திருநகர்_ராசு:

தம்பி பாத்தேன். பேரு இருக்கு, ஊரு இருக்கு. தேதி போடல. கையில எந்தக் கைன்னும் போடல, அவர்ட்ட திரும்பக் கேட்டு எழுது.

ஒத்தக்கடை_அக்கா:

அம்மா நம்பரை எனக்கு அனுப்புப்பா. நான் பேசுறேன்.